மூடியைக் கழற்றினால் எரிகிற பல்ப்

செபமாலை மாதமான ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், றொஷினிக்குக் கலியாண நாள் குறிக்க வந்தவர்கள் செபம் முடித்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டிருந்த வேளையில், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு மேலே முகட்டில் காலையிலிருந்து எரிந்த விளக்கு, ஒருவரும் சுவிச்சைத் தொடாமலே நூர்ந்து அணைந்துபோனது.

கரண்ட் போகவில்லை. குசினியில் வெளிச்சம் இருந்தது, நடைவழியிலும் இருந்தது. படத்துக்கு மேலிருந்த அந்த ஒரு கண்ணாடிக் கூடு மட்டும் கறுத்துக் கிடந்தது. மாப்பிள்ளை றஜிந்தனின் தாய் அஞ்சலீனாவின் கை இடது தோளில் தொட்டபடியே நின்றுவிட்டது. மற்றத் தோளுக்கு அது போய்ச் சேர வெகுநேரம் எடுத்தது.

“பல்ப் போயிட்டுது போல,” என்று எழும்பினார் றொஷினியின் தகப்பன் எமிலியானுஸ். “போன கிழமைதான் மாத்தினனான். நல்ல வெளிச்சமா இருக்கட்டுமெண்டு பெரிய பல்ப்பாப் பாத்து வேண்டினது. கள்ளச் சாமானைத் தலையிலை கட்டி விட்டிட்டாங்கள்!”

“அதை விடுங்கோப்பா. வந்த ஆக்களைக் கவனியுங்கோ,” என்றாள் அவர் மனைவி யோசெப்பின். அப்படிச் சொன்னாளே தவிர, அவளுடைய கண்ணும் முகட்டில்தான் இருந்தது.

அஞ்சலீனா ஒரு றோல்ஸில் பாதியைக் கடித்து வைத்தாள். தேத்தண்ணியைக் குடித்தாள். கலண்டரை யோசெப்பின் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்தபோது, அதைப் புரட்டாமலே திருப்பிக் கொடுத்தாள். “கலியாண நாளைப் பேந்து ஆறுதலாப் பாப்பம், யோசெப்பின்,” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை பூசைக்குப் போக வெளிக்கிட்ட யோசெப்பின், போகிற போக்கில் அந்தச் சுவிச்சைத் தட்டிப் பார்த்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

திங்கட்கிழமை வேலையால் வந்த றொஷினி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“அம்மா, அப்பாவுக்கு விருப்பமில்லையாம்.”

“கொப்பருக்கோ? அவர் மண்டபம் பாக்க எண்டு போயிட்டார்.”

“எங்கட அப்பா இல்லை. றஜிந்தன்ரை அப்பா.”

யோசெப்பின் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். “அந்த மனுசன் செத்தெல்லோ போச்சு?”

“அதுதான் அம்மா. அவர் லைற்றாலை கதைக்கிறவராம். அவைன்ரை வீட்டிலையும் இப்பிடித்தானாம், பெரிய விசயம் நடக்கிற நாளிலை நூந்து போகுமாம். இப்ப இஞ்சையும் வந்து வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாராம்.” றொஷினி சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. “றஜிந்தன் சொல்லுறார், அம்மாவை அழவைச்சுக்கொண்டு கோயில் வாசலிலை நிக்க ஏலாதாம். பொறுத்துப் பாப்பமாம். எவ்வளவு காலமெண்டு கேட்டன். லைற்றைத்தான் கேக்கவேணுமாம்.”

செத்தவர்கள் பேசவே மாட்டார்கள் என்று சத்தியம் செய்ய யோசெப்பின் தயாரில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் ஆத்துமாக்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறவள் அவள். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் முள்ளாகக் குத்தியது. வேண்டாம் என்று சொல்ல வந்த மனுசன், காலையில் ஏன் திரும்ப எரியவிட்டார்? மனம் மாறிவிட்டாரா? மாறியதென்றால் அதை யார் போய் அஞ்சலீனாவிடம் சொல்வது?

அவளுக்கு வேலை நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில். குளிசைகளைப் பெட்டியில் அடைக்கிற பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சூட்டறை இருந்தது. புது மருந்தை அதற்குள் வைத்து, எவ்வளவு சூட்டை எவ்வளவு காலம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாமல் போய்விடும். யோசெப்பின் அந்தச் சட்டத்தை அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முதலில் ஏணியை வைத்து ஏறிக் கண்ணாடிக் கூட்டைக் கழற்றினாள். அதன் விளிம்பைச் சுற்றி வெள்ளை ஒட்டுநாடா ரேப் ஒட்டியிருந்தது.

“உது ஆர் ஒட்டினது?”

“நான்தான்,” என்றார் எமிலியானுஸ் பெருமையாக. அவர் கடலோரப் பேசாலைக்காரர். மீன் பொரியாத நாள் அவருக்கு நாளில்லை. “நீர் பொரிக்கிற புகையும், மாதாவுக்குப் போடுற சாம்பிராணிப் புகையும் உள்ளுக்கை போய்க் கண்ணாடி கறுத்துப்போச்சு. கழுவித் துடைச்சு, இனிப் போகாதமாதிரி ஒட்டிவிட்டனான். காத்துக்கூடப் போகாது.”

கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பல்ப்பை எரியவிட்டாள். அன்று முழுக்க எரிந்தது. அடுத்த நாளும் எரிந்தது. நூரட்டும் நூரட்டும் என்று இவள் பார்த்திருக்க, அது நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டே இருந்தது. சரியென்று கண்ணாடி மூடியைத் திரும்பப் போட்டு ரேப்பையும் ஒட்டினாள். காலையில் போட்ட விளக்கு பின்னேரம் நூர்ந்தது. என்ன நடந்ததென்று பார்க்க ஏறிக் கழற்றினாள். கழற்றிக் கொஞ்ச நேரத்தில் கண் சிமிட்டிவிட்டுத் திரும்ப எரிந்தது.

“பாக்காட்டி நூருது, பாத்தா எரியுது,” என்றார் எமிலியானுஸ். குரல் இறங்கியிருந்தது. “இஞ்சேரும், அந்த மனுசி சொல்லுறது உண்மையோ?”

“பொறுங்கோப்பா.”

“சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிச்ச தண்ணி தெளிப்பமே?”

“கரண்டிலை தண்ணி தெளிச்சா நாங்களும் மேலை போய் அவரிட்டை நேரிலையே கேக்கலாம்.”

அதோடு எமிலியானுஸ் சாமியாரை விட்டுவிட்டு வேறு வழி பிடித்தார். மேல்மாடியில் பேரின்பநாதன் பின்னேரத்தில் ஓடுகிற மெசினில் ஓடுவார். அந்த அதிர்ச்சியில் பல்ப்பின் கம்பி ஆடுகிறது என்பது அவர் முடிவு. போய்ச் சொல்லியும் விட்டார். பேரின்பநாதன் துவாயைக் கழுத்தில் போட்டபடியே இறங்கி வந்தார்.

“என்ன எமிலி, நான் ஓடினா உம்மடை வீட்டு லைற் நூருமே? டொக்டர் ஓடச் சொல்லியிருக்கிறார். வேணுமெண்டா அவரோடை கதையும்.”

“கோவிக்காதையுங்கோ அண்ணை,” என்றாள் யோசெப்பின். “ஒரு உதவி. நாளைக்கு மட்டும் ஓடாமல் இருங்கோ.”

“அதுக்கென்ன, சந்தோசமா இருக்கிறன்,” என்றார் அவர்.

அவர் ஓடாத நாளிலும் மூடிய விளக்கு நூர்ந்தது. பேரின்பநாதன் குற்றமற்றவர் என்றாயிற்று. அதற்குப் பிறகும் இரண்டு நாள் அவர் ஓடவில்லை. கேட்டால், யோசெப்பினின் சோதனை முடியட்டும் என்றார்.

அடுத்ததுதான் அவளைத் திக்குமுக்காட வைத்தது. கீழறையில் பழைய குண்டு பல்ப் ஒன்று கிடந்தது. அதைப் போட்டு, மூடியும் போட்டு, ரேப்பும் ஒட்டினாள். காலையிலிருந்து இரவு படுக்கும்வரை அது அசையாமல் எரிந்தது. நூர்த்தபின் மூடியைத் தொட்டவள் கையை உதறிக்கொண்டு இறங்கினாள். அப்படிச் சுட்டது. புதுப் பல்ப் மூடிக்குள் இருந்தபோது இதில் கால்வாசிச் சூடுகூட இல்லை.

கோப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு யோசித்தாள். வயரிலும் பிழை இல்லை, சுவிச்சிலும் பிழை இல்லை. இருந்திருந்தால் குண்டு பல்ப்பும் நூர்ந்திருக்கும். அந்தப் பழைய பல்ப் தன் நெருப்புக்குள்ளேயே நாள் முழுக்கக் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சமாகச் சுடுகிற புதுப் பல்ப்புக்கோ அந்தக் கொஞ்சமே தாங்கவில்லை. இதென்ன கதை?

கேள்வி தொழிற்சாலைக்கும் கூடவே போனது. சூட்டறையைக் கடக்கும்போது கால் தானாக நின்றது. அங்கேயும் அப்படித்தானே. உப்பை எத்தனை நாள் உள்ளே வைத்தாலும் உப்புத்தான். நுணுக்கமாகச் செய்த குளிசைதான் நிறம் மாறும். குண்டு பல்ப்புக்குள் கம்பியும் கண்ணாடியும் தவிர என்ன இருக்கிறது? சூடாவதுதான் அதன் தொழில். புதுப் பல்ப்பின் கழுத்து ஏன் அவ்வளவு தடிப்பு? அதற்குள் ஏதோ சின்ன மெசின் இருக்கவேண்டும். அதுதான் சூட்டுக்குப் பயப்படுகிறது.

வீட்டுக்கு வந்து கடைசிச் சோதனையைச் செய்தாள். மூடிய கூட்டுக்குள் புதுப் பல்ப்பைப் போட்டு நூரும்வரை காத்திருந்தாள். நூர்ந்ததும் சுவிச்சை அமத்திவிட்டு, பழந்துணியால் பிடித்துப் பல்ப்பைக் கழற்றினாள். அதன் கழுத்து சுட்டது, உருண்டைப் பக்கம் அவ்வளவு சுடவில்லை. உடனேயே மேசை விளக்கில் பூட்டினாள். எரியவில்லை. யன்னலைத் திறந்து, வெளியே ஐப்பசிக் குளிர் அடிக்கிற விளிம்பில் வைத்தாள். எமிலியானுஸ் வந்து பார்த்தார்.

“பல்ப்புக்கும் காய்ச்சலோ?”

“ஓம். காய்ச்சல்தான்.”

கழுத்துக் குளிர்ந்தபின் எடுத்து மேசை விளக்கில் பூட்டினாள். எரிந்தது. யோசெப்பின் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினாள். றொஷினி அறையிலிருந்து ஓடி வந்தாள். தாய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, மறுசுழற்சிப் பையைக் கிளறி, தகப்பன் எறிந்திருந்த பல்ப் பெட்டியை எடுத்தாள். ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.

“அம்மா, இதிலையே போட்டிருக்கு. முழுசா மூடின கூட்டுக்குள்ளை பாவிக்கக் கூடாதாம்.”

“என்னது?”

“நீங்கள் இவ்வளவு நாளும் கண்டுபிடிச்சது பெட்டியிலை எழுதியிருக்கு.”

யோசெப்பின் பெட்டியை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். “கடைக்கு நாங்கள் வெளிச்சம் வேண்டத்தானே போறம், வாசிக்கவே போறம்?” என்றார் எமிலியானுஸ்.

“பரவாயில்லை,” என்றாள் அவள். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் இருந்தது. பெட்டி சொன்னால் அது பெட்டிக்குத் தெரிந்த விசயம். இப்போது அது அவளுக்கும் தெரியும்.

ஆனால் அது அஞ்சலீனாவுக்கும் தெரியவேண்டுமே. அதை எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு சோதனையும் வழி காட்டவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கட்லெட் பொரித்து எடுத்துக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறிக் கார்ட்டியர்வில்லில் இருந்த அஞ்சலீனா வீட்டுக்குப் போனாள்.

அஞ்சலீனா அவளை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் வாசலை அகலத் திறந்து, “வாரும் யோசெப்பின், உள்ளுக்கை வாரும். வெளியிலை குளிர்,” என்றாள். றஜிந்தன் வேலைக்குப் போயிருந்தான். நடைவழி இருண்டு கிடந்தது. யோசெப்பினுக்காக அஞ்சலீனா சுவிச்சைப் போட்டாள். முகட்டில் ஒரு கண்ணாடிக் கூடு எரிந்தது. யோசெப்பின் நடந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். இதுவும் மூடிய கூடுதான்.

“உதுதான்,” என்றாள் அஞ்சலீனா. “இவர் பூட்டின பல்ப். ஆஸ்பத்திரிக்குப் போக முதல் இந்த வீட்டிலை இவர் செய்த கடைசி வேலை.”

குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருவரும் இருந்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் யோசெப்பின் கேட்கத் தொடங்கினாள். “எப்பெப்ப அக்கா நூருறது?”

“முதல் நூந்தது இவரின்ரை முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கு. ஆக்கள் எல்லாம் வந்து சாப்பிட்டுப் போகேக்கை. பேந்து தம்பி றஜிந்தன் கார் எடுத்து, சிநேகிதப் பெடியளைக் கூப்பிட்ட அண்டைக்கு. அந்தக் காரை மூண்டாம் மாதமே ஒருத்தன் வந்து இடிச்சான் தெரியுமே? பேந்து உம்மடை பிள்ளையைத் தம்பி முதல்முதல் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கு. அண்டைக்கு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்கு றொஷினியைப் பிடிச்சுது யோசெப்பின். அதாலை சொல்லேல்லை. பேந்து உங்கட வீட்டிலை, ஆண்டவருக்கு முன்னாலையே நூந்துது.”

“மற்ற நாளிலை நூருறேல்லையோ?”

“மற்ற நாளிலை நான் எங்கை லைற் போடுறன்? தம்பி விடியப் போனா இரவுதான் வாறான். தனிய ஒருத்திக்கு எதுக்கு வெளிச்சம்? சுவரைப் பிடிச்சுக்கொண்டு நடப்பன்.”

யோசெப்பினின் நெஞ்சுக்குள் விடை டக்கென்று விழுந்தது. ஆட்கள் வருகிற நாளில் மட்டும்தான் இந்த வீட்டில் விளக்கு காலையிலிருந்து எரிகிறது. விழுந்த விடையை அவள் கட்லெட்டோடு சேர்த்து விழுங்கினாள். இருட்டில் சுவரைப் பிடித்து நடக்கிற ஒரு மனுசியிடம், இடைக்கிடை வந்து பேசுகிற புருசனையும் எப்படிப் பறிப்பது?

“என்ன முழுங்குறீர்?” என்றாள் அஞ்சலீனா. “நீர் சும்மா கட்லெட் தர வந்த ஆளில்லை. உம்மடை லைற் ஏன் நூந்ததெண்டு கண்டுபிடிச்சிட்டீர். தம்பி சொன்னவன், அன்ரி வீட்டிலை ஏணியிலைதான் குடியிருக்கிறா எண்டு. சொல்லும்.”

யோசெப்பின் சொன்னாள். ரேப், குண்டு பல்ப், யன்னல் குளிர், எமிலியானுஸ் வாசிக்காமல் எறிந்த பெட்டி, பேரின்பநாதன் ஓடாமல் இருந்தது எல்லாம் சொன்னாள். அஞ்சலீனா தேத்தண்ணியை மறந்து கேட்டாள்.

“அப்ப இவரில்லையோ?”

“எனக்குத் தெரியாது அக்கா. என்ரை வீட்டிலை சூடுதான். உங்கட வீட்டிலை என்னெண்டு பாத்தாத்தான் சொல்லலாம்.”

அஞ்சலீனா கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அலுமாரிக்குப் பின்னாலை ஏணி இருக்கு. எடும்.”

ஒருத்தி ஏற ஒருத்தி பிடித்தாள். மூடிக்குள் தூசியும் காய்ந்த வண்டுகளும் கிடந்தன. வெள்ளையாக இருந்திருக்கவேண்டிய பல்ப்பின் கழுத்து மண்ணிறமாக மாறியிருந்தது. மூடியை மேசையில் வைத்துவிட்டு விளக்கை எரியவிட்டார்கள். கதை எங்கெங்கோ போனது. றஜிந்தன் சின்ன வயதில் பனிக்குள் சப்பாத்தைத் தொலைத்த கதை, றொஷினி கணக்கில் கெட்டிக்காரி என்றாலும் சோறு குழைய வைப்பாள் என்ற கதை. இடையிடையே அஞ்சலீனா கழுத்தை நீட்டி நடைவழியைப் பார்ப்பாள். விளக்கு நூரவில்லை. யன்னலில் வெயில் சாய்ந்துவிட்டது.

“இப்ப மூடியைப் போடும்,” என்றாள் அஞ்சலீனா.

“வேண்டாமக்கா. விடுவம்.”

“நீர் உம்மடை வீட்டிலை போட்டுப் பாத்தனீர்தானே? எனக்கும் பாக்கவேணும். போடும்.”

மூடியைப் போட்டார்கள். அஞ்சலீனா ஒரு கதிரையை இழுத்து வந்து நடைவழியிலேயே போட்டு இருந்தாள். யோசெப்பின் சுவரில் சாய்ந்து நின்றாள். இந்தமுறை நூரவேண்டும் என்றா நூரக்கூடாது என்றா தான் விரும்புவது என்று அவளுக்கே தெரியவில்லை. பல்ப் நாள்பட்டது, ஏற்கெனவே சூடேறியும் இருந்தது. நெடுநேரம் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு தடவை துடித்தது, நூர்ந்தது.

இருட்டுக்குள் அஞ்சலீனாவின் குரல் மட்டும் வந்தது.

“இப்ப நான் இவரிட்டை ஒண்டும் கேக்கேல்லையே.”

யோசெப்பின் இருட்டில் கதிரையின் பக்கமாக நகர்ந்தாள்.

“ஒண்டுமே கேக்கேல்லை. மனசுக்குள்ளையும் கேக்கேல்லை. பிறகேன் நூந்தது?” கதிரை கிரீச்சிட்டது. “அப்ப வேண்டாமெண்டு சொன்னது அவரில்லை. நான்தான் சொல்லியிருக்கிறன். அவன் கலியாணம் கட்டிப் போனா இந்த வீட்டிலை சுவரும் நானும்தான். அதை வாயாலை சொல்ல வெக்கம். செத்த மனுசன்ரை தலையிலை போட்டிட்டன்.”

“வெக்கப்பட என்னக்கா இருக்கு?”

“இருக்கு. நீர் ஏறி அந்த மூடியைக் கழட்டும். அது இனி வேண்டாம். பல்ப்பை மட்டும் மாத்தாதையும். அது எரியுமட்டும் எரியட்டும்.”

மூடியைக் கழற்றிய கையோடு யோசெப்பின் இறங்கும்போது, அஞ்சலீனா மகனுக்குப் போன் அடித்து, சத்தத்தைக் கூட்டிப் பிடித்திருந்தாள்.

“தம்பி, கலியாணம் முடிஞ்சு எங்கை வீடு எடுக்கப் போறியள்? தூரத்திலை, புவாண்ட்-கிளேர்ப் பக்கமோ?”

“ஏனம்மா திடீரெண்டு?”

“கேட்டதுக்குச் சொல்லு.”

“அங்கை ஏன்? உங்களுக்குப் பின் தெருவிலைதான் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறம். றொஷினிக்குத்தான் கன விருப்பம். பேந்து பிள்ளையள் வந்தா, பிள்ளை பராமரிக்கிற கார்டெறியிலை இடம் தேடி அலைய ஏலாதாம், நீங்கள் பக்கத்திலை இருக்கவேணுமாம்.”

அஞ்சலீனா யோசெப்பினைப் பார்த்தாள். யோசெப்பின் எனக்கொன்றும் தெரியாது என்று தலையாட்டினாள். உண்மையிலேயே தெரியாது.

“ஏன்ரா இதை இவ்வளவு நாளும் என்னட்டைச் சொல்லேல்லை?”

“எப்ப சொல்லுறது? நீங்கள் லைற்றோடைதானே கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்.”

அஞ்சலீனாவுக்குக் கோபம் வந்து, அது சிரிப்பாகி, கண்ணைத் துடைக்க வேண்டியும் வந்தது. “வாய்க் கொழுப்பு,” என்றாள் போனுக்குள். “அப்பிடியே கொப்பரின்ரை வாய். சரி, கேள். தவக்காலத்திலை கலியாணம் வைக்கேலாது. உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு வாற சனிக்கிழமையளிலை எதிலை கோயில் வெறுமையா இருக்கெண்டு சாமியாரிட்டைக் கேள். நாளைக்கே கேள். நான் இஞ்சை யோசெப்பினோடை மண்டபத்தைப் பற்றிக் கதைக்கிறன்.”

“மண்டபம் இவர் பாத்து வைச்சிட்டார் அக்கா,” என்றாள் யோசெப்பின்.

“உம்மடை மனுசனோ? பெட்டி வாசிக்காத மனுசனோ?” அஞ்சலீனா கதிரையை விட்டு எழும்பினாள். “வேண்டாம். நாங்கள் ரெண்டுபேரும் நேரிலை போய்ப் பாப்பம். குளிருக்குக் கோட்டைப் போடும்.”